4 அடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட்: 1 இன்ச் டியூப் தாங்குமா?

2 செப்டம்பர் 2023, கேள்வி

தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 10 மி.மீ. கண்ணாடி. சென்னை கொளத்தூரில் தொட்டி செய்யச் சொல்லியாச்சு. ஸ்டாண்டுதான் முடிவாகவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் 1 இன்ச் ஸ்கொயர் டியூபே போதும், யானை நிற்கும் என்கிறார். ஆசாரி பிளைவுட்டில் பெட்டி அடித்துத் தருகிறேன், ஹாலுக்கு லட்சணமாக இருக்கும் என்கிறார். அப்பாவோ பழைய ஷோகேஸ் சும்மாதானே கிடக்கிறது என்கிறார். வீடு முதல் மாடி. யார் சொல்வதைக் கேட்பது?

2 செப்டம்பர், இரவு, பதில்

முதலில் எடையைப் போடுவோம். உங்கள் அளவுக்கு 9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 255 லிட்டர். விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, மணலும் கல்லும் இடம் பிடிக்கும். தண்ணீர் 225 கிலோ என்று வையுங்கள். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. அடியும் நாலு பக்கமும் சேர்த்து 2.1 சதுர மீட்டர், ஆக 52 கிலோ. 2 இன்ச் கனத்துக்கு மணல் போட்டால் அது ஒரு 45. கல், கட்டை, மூடி, லைட் எல்லாம் சேர்ந்து 340 கிலோ. ஐந்து ஆட்கள் ஏறி நின்றுகொண்டு வருடக்கணக்கில் இறங்காமல் இருப்பதற்குச் சமம்.

ஷோகேஸ் வேண்டாம். அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

3 செப்டம்பர்

ஷோகேஸ் ஏன் கூடாது என்று அப்பா கேட்கிறாராம். சரி. அது புத்தகமும் பொம்மையும் வைக்கச் செய்தது. மேல் பலகை பக்கப் பலகைகளின் மேல் உட்கார்ந்திருக்காது. பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். பாரம் மரத்தில் இறங்காமல் ஸ்க்ரூவில் தொங்கும். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் இன்னும் மோசம். என் சிநேகிதர் ஒருவர் அப்படி ஒரு டிவி யூனிட் மேல் 3 அடி தொட்டி வைத்திருந்தார். வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது பின்பக்கம் சொட்டியது யார் கண்ணிலும் படவில்லை. ஓர விளிம்பு ஊறிப் பொரிந்த அப்பளம் மாதிரி உப்பி, ஸ்க்ரூவைக் கையால் இழுத்தாலே வந்தது. தொட்டி விழவில்லை. விழுவதற்கு முன்னால் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

5 செப்டம்பர்

பட்டறைக்காரர் சொன்னது பாதி சரி. யானை நிற்கும். ஆனால் ஆடும்.

இரும்புக் கால் நசுங்கி யாருடைய தொட்டியும் உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1 இன்ச் டியூப் கால் நேர்க்குத்தாக நின்றால் இந்தப் பாரம் அதற்கு ஒன்றுமே இல்லை. பிரச்சினை இரண்டு இடத்தில். ஒன்று, நீளவாக்கில் போகும் மேல் சட்டம் நடுவில் தொய்வது. இரண்டு, முழு ஸ்டாண்டும் பக்கவாட்டில் சாய்ந்தாடுவது.

தொய்வுக்குக் கணக்கு இருக்கிறது. 4 அடி நீளத்துக்கு நடுவில் கால் இல்லாமல், முனைகளில் மட்டும் தாங்கி, பாதிப் பாரத்தை ஒரு சட்டத்தில் ஏற்றிப் பார்த்தேன். 25 x 25 x 1.6 மி.மீ. டியூப் என்றால் 14 மி.மீ. தொய்கிறது. 40 x 40 x 2 என்றால் இரண்டரை மி.மீ. சொச்சம். முனையை வெல்ட் செய்வதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், விகிதம் மாறாது. இதே சட்டத்துக்கு நடுவில் ஒரு கால் கொடுத்தால் தொய்வு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். ஒரு துண்டு டியூப் செய்கிற வேலை அது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. அடியில் இருக்கும் சட்டம் வளைந்தால் அடிக் கண்ணாடிக்கும் சிலிக்கான் ஒட்டுக்கும்தான் சோதனை.

எனவே 40 x 40 x 2, முன்னால் மூன்று கால், பின்னால் மூன்று கால்.

5 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

ஆட்டத்தை மறந்துவிட்டேன் பாருங்கள். காலி ஸ்டாண்டின் மேல்மூலையைப் பிடித்து நீளவாக்கில் தள்ளுங்கள். ஜிவ்வென்று ஆடினால் பின்பக்கம் ஒரு குறுக்குக் கட்டு வேண்டும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பட்டை வெல்ட் செய்தால் போதும். இல்லாவிட்டால் பின்பக்கம் 12 மி.மீ. பிளைவுட்டைச் சட்டத்தோடு வரிசையாக ஸ்க்ரூ அடித்துவிடலாம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மீன் பண்ணைகளில் இருக்கும் வரிசையாக ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக்கைக் காட்டி இது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதும், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு போட்டு, பின்னால் எக்ஸ் கட்டு கட்டியிருந்தால். அங்கே பெரும்பாலும் ரேக் சுவரோடு பிடித்திருக்கும், தொட்டிகளும் சிறிது. ஹாலில் தனியாக நிறுத்தும் ரேக் வேறு சங்கதி.

8 செப்டம்பர்

பட்டறையில் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை நான் சொல்லமாட்டேன், இரும்பு விலை நான் எழுதி முடிப்பதற்குள் மாறும். கிலோ கணக்கில் கேளுங்கள். உங்கள் அளவுக்கு மேல் சட்டம், கீழ்ச் சட்டம், ஆறு கால், நடுவில் மேலும் கீழும் ஒரு குறுக்கு எல்லாம் சேர்ந்தால் 12 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 அடி நீளம் இரண்டு எடுத்தால் இழுத்துப் பிடித்து வரும். பின் கட்டுக்குத் தனியாகப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 40 x 40 x 2 மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ, ஆக ஸ்டாண்ட் 27, 28 கிலோ வரும். ரொம்பக் குறைத்துச் சொன்னால் கேஜ், அதாவது தகட்டின் கனம், குறைகிறது என்று அர்த்தம். டியூபின் வெட்டு வாயில் வெர்னியர் வைத்துப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முக்கியமான இன்னொன்று. கால் மேல் சட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை ஒட்டி வெல்ட் அடித்தால் மொத்தப் பாரமும் வெல்டிங்கில் நிற்கும். சட்டம் காலின் தலைமேல் உட்கார்ந்தால் வெல்டிங் வெறும் பிடிப்புதான். நின்று பார்த்துச் சொல்லாவிட்டால் பட்டறையில் எது சுலபமோ அப்படிச் செய்துவிடுவார்கள்.

வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எடுத்துவரும் முன் பட்டறைத் தரையில் வைத்து நாலு மூலையும் உட்காருகிறதா பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் நின்றால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு அட்டை மடித்து வைக்கும் வேலை வேண்டாம்.

9 செப்டம்பர்

ஜி.ஐ. டியூப், அதாவது துத்தநாகம் பூசிய டியூப், போட்டால் துருவே பிடிக்காதே என்று ஒருவர். வெல்ட் செய்யும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அந்த இடங்களைத் தேய்த்து ஜிங்க் பெயிண்ட் அடித்தால் ஜி.ஐ. நல்லதுதான். ஆனால் அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பட்டறையில் காற்றோட்டம் இல்லையென்றால் பட்டறைக்காரர் மறுப்பது நியாயம்.

14 செப்டம்பர்

இப்போது பிளைவுட். நான் இரும்புக்காரன் என்று நினைக்க வேண்டாம், என் வீட்டில் இருப்பது இரும்புச் சட்டத்தில் பிளைவுட் உடுத்திய ஸ்டாண்ட். பாரம் இரும்புக்கு, அழகு பலகைக்கு.

முழுக்கப் பிளைவுட்டிலேயே அடிக்கலாமா? தாராளமாக. ஐ.எஸ். 710 (ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளை, 18 மி.மீ. அந்தத் தரத்தில் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். ஐ.எஸ். 303 என்று போட்டிருந்தால் அதில் எம்.ஆர். என்பது ஈரப்பதம் தாங்கும் வகை மட்டுமே. அது அலமாரிக்கு. கடையில் இரண்டையும் வாட்டர்ப்ரூஃப் என்றே சொல்வார்கள், பலகையில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்.

பெட்டி அடிக்கும்போதும் அதே விதி: மேல் பலகை பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். 4 அடிக்கு நடுவில் ஒரு நிற்கும் பலகை கட்டாயம். பின்பலகையை மெல்லிய ஹார்டுபோர்டில் அடித்தால் பெட்டி சாய்ந்தாடும். ஆட்டத்தைத் தடுப்பது அந்தப் பின்பலகைதான், அதில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள். குழாய்க்கு ஓட்டை போட்டால் மூலையை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

17 செப்டம்பர்

வாட்டர்ப்ரூஃப் என்றதும் எல்லோரும் முகப்பில் பளபளவென்று மூன்று கோட் அடிக்கிறார்கள். தண்ணீர் முகப்பு வழியாகப் போவதே இல்லை. வெட்டிய விளிம்பு, ஸ்க்ரூ ஓட்டை, வயர் போகும் ஓட்டை, தரையைத் தொடும் அடிப்பாகம் ஆகியவற்றின் வழியாகத்தான் போகிறது. நம் கண்ணுக்குப் படாத இடம்தான் அதற்கு வாசல்.

பிளைவுட்டுக்கு நான் செய்வது இது. எல்லா வெட்டும் ஓட்டையும் முடிந்தபிறகுதான் பூச்சு. ரெண்டு பாகம் கலக்கும் எபாக்சியை வெட்டு விளிம்பில் முதலில் அடித்தால் பலகை அதை உறிஞ்சிவிடும். உறிஞ்சுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் விளிம்பு உலராமல் மினுங்கிக்கொண்டே நிற்கும். அப்போது விடலாம். பிறகு முகம், அடிப்பாகம், உள்பக்கம். எபாக்சி வெயில்பட்டால் மஞ்சளாகும், எனவே வெளிமுகத்தில் மேலே பி.யூ. (பாலியூரிதேன்) கோட். முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள்.

பூச்சு எல்லாம் முடிந்தபிறகே உள் மூலைகளில் சிலிக்கான். முதலில் சிலிக்கான் பூசினால் அதன்மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. ஆசாரிக்கு இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

17 செப்டம்பர், பின்குறிப்பு

கீழ்த் தட்டைத் தட்டையாக விடாமல், சுற்றிலும் ஒரு இன்ச் உயரத்துக்கு ரீப்பர் அடித்து, மேலே ஃபைபர் மேட்டும் ரெசினும் பூசி ஒரு தாம்பாளம் மாதிரி ஆக்கிவிடுங்கள். கேனிஸ்டர் ஃபில்டரின் ரப்பர் ஓரிங் கசிந்தாலும், சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்ய ஸ்டாண்டுக்குள் வைக்கும் கீழ்த் தொட்டி) தளும்பினாலும் தண்ணீர் அங்கேயே நிற்கும், தரைக்கு வராது. காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுபவர்கள் பயன்படுத்தும் அதே சாமான்தான். வாடை தாங்காது, மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

21 செப்டம்பர்

இரும்பு ஸ்டாண்டுக்கு வாட்டர்ப்ரூஃப் எதற்கு, பெயிண்ட் அடித்தால் தீர்ந்ததே என்று எழுதியவருக்கு.

என் பழைய ஸ்டாண்ட் ஒன்று வெளியே பார்க்கப் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ஆனால் பின்காலைச் சுற்றி டைல்ஸில் காப்பிக் கறை மாதிரி ஒரு வளையம், துடைத்தாலும் மறுநாள் வரும். காலின் அடியோரத்தில் சின்ன ட்ரில் போட்டதும் துருத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மேல் சட்டத்தில் லைட் ஸ்டாண்டுக்காகப் போட்ட ஸ்க்ரூ ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர். அடியில் மூடி போட்டிருந்ததால் போக வழி இல்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

அதனால் டியூபின் திறந்த வாய் எல்லாவற்றையும் தகடு வைத்து முழுச் சுற்றும் வெல்ட் செய்யச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மூடி அடைப்பு மாதிரி தெரியும், அடைப்பு அல்ல. மேல் சட்டத்தில் எதற்கும் ஓட்டை போடாதீர்கள். பெயிண்டுக்கு முன் வெல்டிங் கசடைத் தட்டி, உப்புத்தாள் போட்டு, தின்னரில் துடைத்து, அப்புறம் ப்ரைமர். ரெட் ஆக்சைடு மேல் எனாமல் என்பது உள்ளூர் வழக்கம், நன்னீர்த் தொட்டிக்கு ஓடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களும், கடல் மீன் தொட்டி வைப்பவர்களும் எபாக்சி ப்ரைமருக்குப் போய்விடுங்கள். உப்பு ஊர்ந்து ஊர்ந்து எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

28 செப்டம்பர்

மாடி தாங்குமா என்று அம்மா பயப்படுகிறாராம். நியாயமான பயம். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது 200 கிலோ. உங்கள் தொட்டி நிற்கும் இடம் 0.56 சதுர மீட்டர். அந்தத் துண்டு இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வருகிறது. மும்மடங்கு என்று பதறவேண்டாம், அந்த 200 என்பது அறை முழுக்கப் பரவிய பாரம். 10 x 12 அடி அறைக்கு மொத்தம் 2,200 கிலோ. நல்ல கான்கிரீட் தளத்தில், பீமை ஒட்டிய சுவர் ஓரமாக வைத்தால் போதும். அறை நடுவில் தடுப்பு மாதிரி வைக்கும் ஆசை இருந்தால் மட்டும் இன்ஜினியரைக் கேளுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் கதை வேறு. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. அதன் உத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. அங்கே தொட்டியைத் தரைத் தளத்தில் வையுங்கள்.

1 அக்டோபர்

கடப்பா கல் கேள்வி இவ்வளவு நேரம் வராமல் இருந்ததே ஆச்சரியம். செங்கல்லோ சாலிட் பிளாக்கோ மூன்று தூண் எழுப்பி மேலே கடப்பா கல் போடுவது நம் ஊரில் மலிவான, துருப்பிடிக்காத, கரையான் அண்டாத ஸ்டாண்ட். ஈரமே அதை ஒன்றும் செய்யாது. குறை ஒன்றுதான், கல்லுக்கு இழுவை தாங்காது. 4 அடிக்கு இரண்டு தூண் மட்டும் வைத்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நடுவில் விடும். மூன்று தூண் வையுங்கள், ஆனால் மூன்றின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுத்தூண் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அதன்மேலேயே கல் முறியும். கல்லுக்கு அடியில் ஈரச் சாந்து போட்டு உட்காரவைத்தால் இந்த வம்பு இல்லை. வாடகை வீட்டுக்காரர்கள் சாந்துக்குப் பதில் ரப்பர் ஷீட் வைத்து ஒப்பேற்றலாம்.

7 அக்டோபர்

ஸ்டாண்ட் வந்துவிட்டதாம், ரசமட்டம் வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஓடுகிறதாம். ஸ்டாண்டைத் திட்டாதீர்கள், தரையைப் பாருங்கள். கழுவிவிட்ட தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத்தான் தரை போடுகிறார்கள், ஹாலிலும் கொஞ்சம் இருக்கும். ஸ்டாண்டை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி மறுபடி அதே சுவர் பக்கம் ஓடினால் தரை, பக்கம் மாறினால் ஸ்டாண்ட்.

எதுவானாலும் சரிசெய்வது காலின் அடியில் தகடு வைத்து. தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் சொருகாதீர்கள். கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் லெவல் இருந்தால் இன்னும் துல்லியம். அப்புறம் தொட்டியைக் கால்வாசி நிரப்பி, நாலு மூலையிலும் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஸ்கேல் வைத்து அளங்கள். தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் கிடையாது.

டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். கால் நிற்கும் டைல் டொக் டொக் என்று வெற்றாக ஒலித்தால் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை, விரிசல் விடும். ஒவ்வொரு காலுக்கும் 3 இன்ச் சதுரத்தில் 6 மி.மீ. தகடு, அடியில் ரப்பர்.

8 அக்டோபர்

தெர்மாகோல் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேர் கீழே சண்டை போட்டிருக்கிறார்கள். இருவரும் அவரவர் தொட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். அடிக்கண்ணாடி முழுதாகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு அரை இன்ச் தெர்மாகோலோ ஃபோம் ஷீட்டோ வேண்டும். ஒரு மணல் துகள் மாட்டினால்கூட அந்தப் புள்ளியில் கண்ணாடிக்கு ஆபத்து. சுற்றிலும் பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்டு, அடிக்கண்ணாடி அந்தரத்தில் நிற்கும் தொட்டிக்கு எதுவும் வைக்கக்கூடாது. ஃப்ரேம் அமுங்கி, தெர்மாகோல் நடுவில் மேலே தள்ளும். இரும்புச் சட்டமென்றால் மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல்தான் தெர்மாகோல். கோணலை தெர்மாகோல் சரிசெய்யும் என்று நம்பவேண்டாம்.

22 அக்டோபர்

முன்பு ஆறு கால் என்று அடித்துச் சொன்னேன். சம்ப் வைக்கப் போகிறேன், முன்னால் நடுக்கால் இருந்தால் எப்படி உள்ளே தள்ளுவது என்கிறீர்கள். அப்படியானால் முன் சட்டத்தை மட்டும் 60 x 40 x 2 ஆக்கி, 60 பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி போடுங்கள். 40 x 40ஐவிட இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு. படுத்தவாக்கில் போட்டுவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள். அல்லது நடுக்காலை போல்ட் போட்டுக் கழற்றும்படி வைத்து, சம்பை உள்ளே தள்ளியபின் தொட்டி நிரப்பும் முன் மாட்டுங்கள். எனக்கு முதல் வழி பிடிக்கும். போல்ட் காலை மாட்ட மறப்பவர்கள் உண்டு.

சம்ப் என்றால் இன்னொரு கணக்கு. கரண்ட் போனால் மேல் தொட்டியில் ஒரு இன்ச் தண்ணீர் இறங்கும் என்று வையுங்கள், அது மட்டுமே 14 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலியிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாம்பாளத்துக்கு வேலை வந்துவிடும்.

ப்ளக் பாயிண்டைக் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் மேலே. வயர் ஒரு முறை தொங்கி வளைந்து ஏறிப் ப்ளக்குக்குப் போகட்டும், வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். அந்த லைனுக்கு மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

10 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒரு வழியாக நெட் வந்தது. பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத் தளத்தில் தொட்டி வைத்திருக்கும் சிலர் படம் போட்டிருந்தார்கள். நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல் மீன் போனது ஒரு பக்கம். ஸ்டாண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்ற இரும்பு ஸ்டாண்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன, கழுவிக் காயவைத்து அடிப்பாகத்துக்கு மறுபடி ப்ரைமர் போட்டால் சரி. பலகைப் பெட்டிகளில் அடிவிளிம்பு பூசாதவை எல்லாம் பக்கப் பலகை பிரிந்து நிற்கின்றன. அவற்றில் தொட்டி இன்னும் நிரம்பியிருந்தால் இன்றே முக்கால்வாசித் தண்ணீரை இறக்குங்கள். காய்ந்தால் பழையபடி ஆகும் என்று காத்திருக்காதீர்கள். ஊறிப் பிரிந்த பிளை காய்ந்தாலும் ஒட்டாது.

வெள்ளம் வரும் தெருவில் பலகைப் பெட்டி வேண்டுமென்றால் அடியில் நாலு இன்ச் சாலிட் பிளாக் போட்டு அதன்மேல் வையுங்கள். அதற்கு மேல் வந்தால் எந்த ஸ்டாண்டும் பதில் சொல்லாது.

6 ஜனவரி 2024

குழந்தை ஸ்டாண்டைப் பிடித்து ஏறுகிறது என்று ஒருவர். மேல் சட்டத்தின் பின்பக்கம் ஓட்டை போடாமல், ஒரு எல் தகட்டைச் சட்டத்தோடு வெல்ட் செய்து, சுவரில் ஆங்கர் போல்ட் அடியுங்கள். சுவர் பூச்சைத் தாண்டி செங்கல்லில் பிடிக்க வேண்டும். கதவுக்குக் காந்தம் வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. கதவிலோ பின்பலகையிலோ காற்றுக்கு வழி விடுங்கள், மூடிய பெட்டிக்குள் சம்ப் ஆவி தங்கிக் கீல் எல்லாம் பச்சை பிடித்துவிடும்.

7 ஜனவரி

2 அடி x 1 x 1 தொட்டிக்கும் இத்தனையும் வேண்டுமா என்று புதிதாக வந்தவர் கேட்டிருக்கிறார். 57 லிட்டர், எல்லாம் சேர்த்து 80 கிலோ. 1 இன்ச் டியூப், நாலு கால், பின்னால் ஒரு குறுக்குப் பட்டை, மட்டம் பார்த்து நிறுத்துங்கள், போதும். இவ்வளவு தூரம் படித்திருக்கவே வேண்டாம்.